படம் நல்லா வருது, பீம் நல்லா இருக்கா?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு வெளியே வரும்போது நீங்க என்ன கேட்பீங்க? "படம் நல்லா வந்திருக்கா?" அதானே? டெக்னீஷியன் தலையாட்டுவார், டாக்டர் வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பார், இல்லன்னா கம்ப்யூட்டர்ல பெரிசு பண்ணிப் பார்ப்பார். முடிஞ்சது.

என் வேலை அதுக்கு ஒரு படி முன்னாடி. படம் நல்லா வருதான்னு பார்க்கிறது இல்லை, அந்தப் படத்தை எடுத்த கதிர் நல்லா இருக்கான்னு பார்க்கிறது. எக்ஸ்ரே இயந்திரங்களுக்குத் தரப் பரிசோதனை செய்கிற ஆள் நான். ஒரு பெட்டி, அதுக்குள்ள ஒரு டிடெக்டர், கொஞ்சம் அலுமினியத் தகடு, ஒரு டேப், ஒரு லேப்டாப். இதைத் தூக்கிக்கிட்டு ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரம், காரனோடை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டின்னு சுத்துவேன்.

சோழவரம்னு சொன்னா சென்னைக்காரங்களுக்கு ஏரி ஞாபகம் வரும். அங்கிருந்து புழலுக்குத் தண்ணி போகுது, அதுதான் நம்ம வீட்டுக் குழாய்க்கும் வருது. உங்க அப்பா, பெரியப்பாகிட்ட கேட்டா கார் ரேஸ் கதை சொல்லுவாங்க. இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்துல பல வருஷம் ரேஸ் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்த பிறகு அது நின்னுபோச்சு. இப்போ அந்தப் பக்கம் போனா கன்டெய்னர் லாரி, குடோன், டீக்கடை, நடுநடுவே சின்னச் சின்ன ஸ்கேன் சென்டர். அதுல ஒண்ணுல நடந்த கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன். பேர் சொல்ல மாட்டேன். ஏன்னு கேட்டுட்டே வந்தா உங்களுக்கே புரியும்.

நொய்யும் அரிசியும்

முதல்ல கொஞ்சம் அறிவியல். பயப்படாதீங்க, அரிசி மூட்டையை வெச்சே சொல்லிடுறேன்.

எக்ஸ்ரே டியூபுக்குள்ள எலக்ட்ரான்களை வேகமா ஓடவிட்டு, ஒரு டங்ஸ்டன் இலக்குல மோதவிடுறாங்க. மோதும்போது எக்ஸ்ரே பிறக்குது. டெக்னீஷியன் 80 கிலோவோல்ட்னு செட் பண்ணினா, வெளியே வர்ற கதிர் எல்லாம் 80 இல்லை. 80ங்கிறது உச்சம். அதுக்குக் கீழே எல்லா அளவுலயும் கதிர் கலந்து வரும். சராசரி எடுத்தா உச்சத்துல மூணில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும்தான் இருக்கும். அதாவது நொய்யும் அரிசியும் கலந்த மூட்டை.

இதுல வலுவான கதிர் உடம்பைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற டிடெக்டரைத் தொடும். அதுதான் படம் ஆகும். வலு இல்லாத கதிர், நம்ம நொய், தோலுக்குள்ள சில சென்டிமீட்டர் போகறதுக்குள்ள நின்னுடும். படத்துக்கு ஒரு பைசா உதவி இல்லை. ஆனா அதோட ஆற்றல் முழுசும் உங்க உடம்புல இறங்கிடும். கடைக்காரர் நொய்க்கும் சேர்த்துக் காசு வாங்குற மாதிரி.

அதனால சலிக்கணும். எக்ஸ்ரேக்குச் சல்லடை அலுமினியம். டியூபுக்கு வாய்ப் பக்கத்துல ஒரு மெல்லிய தகடு வைப்பாங்க. டியூபோட கண்ணாடி, சுத்தி இருக்கிற எண்ணெய் எல்லாம் தானாகவே கொஞ்சம் சலிக்கும். தகடும் சேர்ந்து மொத்தமா எத்தனை மில்லிமீட்டர் அலுமினியத்துக்குச் சமமா இருக்கணும்னு விதி இருக்கு. 100 கிலோவோல்ட்டுக்கு மேலே போகக்கூடிய இயந்திரத்துக்கு 2.5 மில்லிமீட்டர். 70க்கும் 100க்கும் நடுவுல 2 மில்லிமீட்டர். 70 வரைக்கும் போற பல் எக்ஸ்ரே மாதிரியானதுக்கு 1.5 மில்லிமீட்டர்.

2.5 மில்லிமீட்டர்னா ஒரு ரூபாய் நாணயத்தை விடத் தடிமன். அவ்வளவுதான். உங்களுக்கும் அந்தத் தேவையில்லாத கதிருக்கும் நடுவுல நிக்கிறது அந்தத் துண்டுத் தகடு.

பாதியாகும் தடிமன்

சரி, டியூப் மூடியிருக்கு. உள்ளே தகடு இருக்கா இல்லையான்னு வெளியே இருந்து எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இதுக்கு ஒரு அழகான வழி இருக்கு. பேரு ஹாஃப் வேல்யூ லேயர், சுருக்கமா ஹெச்விஎல். கதிரோட அளவைப் பாதியாக்க எத்தனை மில்லிமீட்டர் அலுமினியம் தேவைன்னு பார்க்கிறது. சலிச்ச அரிசியை மறுபடி சலிச்சா பெரிசா எதுவும் கீழே விழாது. சலிக்காத அரிசியைச் சலிச்சா கொட்டும். அதே கணக்கு. நல்லாச் சலிச்ச பீமைப் பாதியாக்க நிறைய அலுமினியம் வேணும். சலிக்காத பீம் கொஞ்சம் தகட்டுலயே பாதியாகிடும். ஹெச்விஎல் குறைவா வந்தா, உள்ளே சல்லடை சரியில்லைன்னு அர்த்தம்.

80 கிலோவோல்ட்டுல பழைய தலைமுறை இயந்திரத்துக்கே குறைஞ்சது 2.3 மில்லிமீட்டர் வேணும்ங்கிறது உலகம் முழுக்க ரொம்ப காலமா புழக்கத்துல இருக்கிற அளவு. புது இயந்திரங்களுக்கு இன்னும் கூட, 2.9.

இந்தியாவுல இதையெல்லாம் பார்த்துக்கிறது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஏஇஆர்பி. 1983 நவம்பர்ல ஆரம்பிச்சது, தலைமையகம் மும்பை. எக்ஸ்ரே வெச்சிருக்கிற யாரா இருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரியோ ஒத்தை ரூம் சென்டரோ, ஈலோராங்கிற இணையதளம் வழியா அவங்ககிட்ட லைசன்ஸ் வாங்கணும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தரப் பரிசோதனை. இன்னொண்ணும் இருக்கு, இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க: கதிரைப் பாதிக்கிற மாதிரி ஏதாவது ரிப்பேர் பார்த்தா, அதுக்கு அப்புறமும் பரிசோதனை செய்யணும்.

அந்த மதியம்

இப்போ கதைக்கு வர்றேன். லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டிய நேரம், அதனால கூப்பிட்டிருந்தாங்க. நான் போகும்போது மணி பதினொண்ணு. வெளியே பெஞ்சுல ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் ஒடிசா, பீகார் பசங்க. கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனியில வேலைக்குச் சேர மெடிக்கல் எடுக்க வந்தவங்க, மார்பு எக்ஸ்ரேக்கு. ஒரு அம்மா, பக்கத்துல பத்து வயசுப் பையன். சைக்கிள்ல இருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது.

ஓனர் நல்ல மனுஷன். "வா தம்பி, முதல்ல டீ சாப்பிடு"ன்னு உட்கார வெச்சார். "சீக்கிரம் முடிச்சிடு, ஆளுங்க காத்திருக்காங்க."

வரிசையா எடுத்தேன். கிலோவோல்ட் சரியா வருதான்னு பார்த்தேன், அஞ்சு கிலோவோல்ட் கூடக் குறைய இருக்கலாம், இது ஒண்ணுக்குள்ளயே இருந்தது. டைமர் சரி. ஒரே செட்டிங்ல அஞ்சு தடவை அடிச்சா அஞ்சும் ஒரே மாதிரி வருதா, வருது. வெளிச்சம் விழுற கட்டமும் கதிர் விழுற கட்டமும் ஒத்துப்போகுதா, போகுது. எல்லாம் பாஸ். டெக்னீஷியன் பொண்ணு நிம்மதியா மூச்சு விட்டுச்சு.

அடுத்தது ஹெச்விஎல்.

இங்கே ஒரு விஷயம் ஒத்துக்கணும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தார்: "இதுல எப்பவும் பெரிசா மாற்றம் வராது. போன ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதைப் பார்த்து, கடைசி எண்ணை மட்டும் கொஞ்சம் மாத்திப் போட்டுடு. பத்து நிமிஷம் மிச்சம்." நானும் அப்படிப் போட்டிருக்கேன். ஒரு தடவை இல்லை, சில தடவை. ஒரு நாளைக்கு நாலு சென்டர் முடிக்கணும், வெயில், டிராஃபிக், ஆளுங்க வெளியே காத்திருக்காங்க. காரணம் எப்பவும் இருக்கும். அது தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்.

அந்த சென்டரோட பழைய ரிப்போர்ட்டும் என் கையில் இருந்தது. அதுல 2.6 மில்லிமீட்டர். ஓனர் கதவுல நின்னுக்கிட்டு மணி பார்க்கிறார். 2.6ங்கிறதை 2.7ன்னு போட்டா யாருக்கும் தெரியாது.

ஆனா அன்னைக்கு ஒரு சின்ன உறுத்தல். கதிரோட அளவு பழைய ரிப்போர்ட்டை விட ரொம்பக் கூட இருந்தது. அதே கிலோவோல்ட், அதே எம்ஏஎஸ், அதே ஒரு மீட்டர் தூரம். இயந்திரம் வயசாக ஆக அளவு குறையத்தான் செய்யும். டியூப் கண்ணாடியில உள்பக்கம் உலோகம் படியும், இலக்கு தேயும். கூடினா எங்கேயோ இடிக்குது.

தகட்டை எடுத்தேன். தகடு இல்லாம ஒரு அடி: 1.20 மில்லிகிரே. ஒரு மில்லிமீட்டர் வெச்சு: 0.75. இரண்டு மில்லிமீட்டர் வெச்சு: 0.52. இதுக்குள்ளயே பாதியைத் தாண்டிடுச்சு. கணக்குப் போட்டா 1.6 மில்லிமீட்டர். டிடெக்டரை நகர்த்தி வெச்சு மறுபடி எடுத்தேன். அதே 1.6.

உள்ளே தகடு இல்லை.

டிராயர்ல கிடந்தது

டெக்னீஷியன்கிட்ட கேட்டேன்: "ஏம்மா, சமீபத்துல ஏதாவது ரிப்பேர் பார்த்தீங்களா?" கொஞ்சம் யோசிச்சுச்சு. "மூணு மாசம் முன்னாடி லைட் எரியல சார். காலிமேட்டரைக் கழட்டி பல்பு மாத்தினாங்க." பேசிக்கிட்டே மேசை டிராயரைத் திறந்தது. உள்ளே ஒரு பாலிதீன் கவர். நாலு ஸ்க்ரூ, ஃப்யூஸ் போன பழைய பல்பு, அதோட ஒரு சதுர அலுமினியத் தகடு. "இது மிச்சம்னு வெச்சுட்டுப் போனாங்க சார்."

மிச்சம்!

எனக்கு யார் மேலயும் கோபம் வரலை. ரிப்பேர் பார்த்தவருக்கு அது என்னன்னு தெரியலை, இல்லன்னா மறந்துட்டார். இந்தப் பொண்ணு பத்திரமா எடுத்து வெச்சிருக்கு. ஓனருக்கு லைட் எரிஞ்சது, படம் வந்தது, அவ்வளவுதான் தெரியும். மூணு மாசமா யாருக்கும் சந்தேகமே வரலை. ஏன்னா படம் நல்லா வந்தது!

இதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பயமான விஷயம். தகடு இல்லன்னா படம் கெட்டுப் போகாது. வலுவான கதிர் எப்பவும் போல வந்துக்கிட்டுதான் இருக்கு, கூடவே நொய்யும் வருது. டிஜிட்டல் சிஸ்டம் வெளிச்சத்தைத் தானாகச் சரிபண்ணிக் காட்டிடும். வலி இல்லை, சூடு இல்லை, வாசனை இல்லை. நோயாளிக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, ஓனருக்குத் தெரியாது. அந்தத் தகட்டை வெச்சு அளந்து பார்க்கிற ஒரு ஆளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆள் பழைய எண்ணைக் காப்பி அடிச்சா, அவனுக்கும் தெரியாது.

ஓனர்கிட்ட சொன்னேன். "சார், இது ஃபெயில். தகட்டைப் போட்டு, திரும்பப் பரிசோதிக்கிற வரைக்கும் இயந்திரத்தை ஓட்டக்கூடாது."

அவர் முகம் மாறிடுச்சு. "தம்பி, படத்தைப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுப் போட்டுடுறேன். இன்னைக்கு ரிப்போர்ட்டைக் கொடுத்துட்டுப் போ. வெளியே எட்டுப் பேர் உட்கார்ந்திருக்காங்க." அப்புறம் குரலைத் தணிச்சு இன்னொண்ணும் சொன்னார்: "நீ கொடுக்கலன்னா, வராமலேயே மெயில்ல ரிப்போர்ட் அனுப்புற ஆளுங்க இருக்காங்க. தெரியும்ல?"

தெரியும். அதனாலதான் பதில் சொல்லச் சங்கடமா இருந்தது.

அப்போ அவர்கிட்ட ஒரு கணக்கு மட்டும் சொன்னேன். "சார், ஹெச்விஎல் 1.6ன்னா என்ன அர்த்தம்? 1.6 மில்லிமீட்டர் தகடு போட்டா தோல்ல விழுற கதிர் பாதியாகிடும். உங்க டிராயர்ல இருக்கிற தகடு 1.5. அதாவது மூணு மாசமா இங்கே வந்த ஒவ்வொருத்தரும், அந்தத் தகடு இருந்திருந்தா வாங்கியிருக்கிறதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தோல்ல வாங்கியிருக்காங்க. உங்க படம் அதனால ஒரு பொட்டு கூட நல்லாகலை."

அவர் ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் அந்தத் தகட்டைக் கையில் வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் டெக்னீஷியனைக் கூப்பிட்டு, "வெளியே சொல்லிடும்மா, இன்னைக்கு மிஷின் ரிப்பேர்"ன்னார்.

அந்த அம்மா

இதோட கதை முடிஞ்சா எனக்கும் நல்லா இருக்கும். முடியலை. வெளியே வந்தப்போ அந்த அம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நீதான் மிஷினை நிறுத்தச் சொன்னியாமே? புள்ள கையைப் பாரு எப்படி வீங்கியிருக்கு. இப்போ ரெட்ஹில்ஸ் வரைக்கும் பஸ்ல தூக்கிக்கினு போவணுமா?"

என்ன சொல்றது? உண்மையைச் சொன்னா, மணிக்கட்டு எக்ஸ்ரேல போற கதிர் ரொம்ப ரொம்பக் கம்மி. அது இரண்டு மடங்கானாலும் அந்தப் பையனுக்குப் பெரிய ஆபத்து ஒண்ணுமில்லை. வீங்கின கையோட பஸ்ல குலுங்கிக்கிட்டுப் போறது அவனுக்கு நிஜமான வலி. நான் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கப் பார்த்தேன். "உன் காசு யாருக்கு வேணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

இன்னைக்கும் அதை நினைச்சுப் பார்ப்பேன். அந்த ஒரு பையனை மட்டும் வெச்சு யோசிச்சா, எடுத்துட்டுப் போகட்டும்னுதான் தோணும். ஆனா அந்த பெஞ்சுல அவன் ஒருத்தன் இல்லையே. ஒவ்வொருத்தரும் "இது ஒண்ணுதானே"ன்னு சொல்லித்தான் மூணு மாசம் ஓடியிருக்கு. யாராவது ஒருத்தர் பெயரைச் சொல்லி நிறுத்தினாத்தான் நிக்கும். அந்த ஒருத்தர் எப்பவும் திட்டு வாங்கத்தான் செய்வார்.

மறுநாள் காலையில சர்வீஸ் ஆள் வந்து தகட்டை மாட்டினார். நான் திரும்பப் போய் அளந்தேன். அதே செட்டிங்ல 1.20 இருந்தது 0.62 ஆகியிருந்தது. ஹெச்விஎல் 2.7. ரிப்போர்ட் கொடுத்தேன். ஓனர் அன்னைக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், ஆனா அதிகம் பேசலை. போகும்போது மட்டும், "ரெண்டு வருஷம் கழிச்சு நீயே வா தம்பி"ன்னார்.

பயப்படணுமா?

இதைக் கேட்டுட்டு நாளைக்கு டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னா மாட்டேன்னு சொல்லிடாதீங்க. அது என் நோக்கமே இல்லை.

ஒரு சாதாரண மார்பு எக்ஸ்ரே சுமார் 0.02லிருந்து 0.1 மில்லிசீவர்ட். மண், காற்று, வானம், சாப்பாடு எல்லாத்திலிருந்தும் உலகச் சராசரியா ஒரு வருஷத்துக்கு நாம வாங்குறது சுமார் 2.4 மில்லிசீவர்ட். அதனால ஒரு எக்ஸ்ரே, சில நாள் இந்த பூமியில் சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்குச் சமம். தேவைப்பட்டா எடுக்கத்தான் வேணும். காசநோயைக் கண்டுபிடிக்காம விடுறது அதை விடப் பெரிய ஆபத்து.

ஆனா கதிர் விஷயத்துல உலகம் ஒரு பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிச்சு. 1895 நவம்பர்ல ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். கொஞ்ச நாள்லயே எடிசன் ஆராய்ச்சிக்கூடத்துல அதை வெச்சு விளையாட்டு மாதிரி வேலை நடந்தது. அவரோட உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தன் கையையே திரும்பத் திரும்பக் கதிர்ல காட்டிச் சோதிச்சார். கையை வெட்ட வேண்டி வந்தது, 1904ல இறந்தே போயிட்டார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே விட்டுட்டார். அப்போ இருந்த அளவும் இப்போ நாம வாங்குற அளவும் ஒண்ணில்லை. ஆனா அந்தக் காலத்துலேர்ந்து வந்த கொள்கை ஒண்ணுதான்: பலன் இல்லாத கதிர், அது எவ்வளவு சின்னதா இருந்தாலும், உடம்புல இறங்கக்கூடாது.

அந்தத் தகடு போன மூணு மாசத்துல யாருக்காவது நோய் வந்துடுமான்னு கேட்டா, யாரையும் கைகாட்டி ஆமாம்னு சொல்ல முடியாது. அதனால பரவாயில்லையான்னு கேட்டா, பரவாயில்லைன்னும் சொல்ல முடியாது. ஒடிசாவுலேர்ந்து வேலைக்கு வந்த ஒரு பையன், அவன் கேட்காத, அவனுக்கு உதவாத ஒண்ணை, அவனுக்குத் தெரியாமலேயே வாங்கிட்டுப் போயிருக்கான். அது நியாயம் இல்லை. எனக்கு அவ்வளவு போதும்.

நீங்க செய்யக்கூடியது

கடைசியா சில சின்ன விஷயம். எக்ஸ்ரே எடுக்கப் போனா, "ஏஇஆர்பி லைசன்ஸ் இருக்கா, கடைசியா எப்போ தரப் பரிசோதனை செஞ்சீங்க?"ன்னு கேளுங்க. சண்டை போடுற மாதிரி இல்லை, சாதாரணமா. ஹோட்டல்ல தண்ணி ஃபில்டர் தண்ணியான்னு கேட்கிறோமே, அந்த மாதிரி. கர்ப்பமா இருக்கலாம்னு ஒரு சந்தேகம் இருந்தாலும் முதல்லயே சொல்லிடுங்க. அடுத்தவர் எக்ஸ்ரே எடுக்கும்போது ரூமுக்குள்ள நிக்காதீங்க. குழந்தையைப் பிடிச்சுக்கச் சொன்னா ஈய ஏப்ரன் கேட்டுப் போட்டுக்கோங்க. பழைய எக்ஸ்ரே இருந்தா எடுத்துட்டுப் போங்க, திரும்ப எடுக்க வேண்டியிருக்காது.

சென்டர் நடத்துறவங்க யாராவது கேட்டுட்டிருந்தா உங்களுக்கு ஒண்ணு மட்டும்: காலிமேட்டரைக் கழட்டினா, மாட்டினதுக்கு அப்புறம் மேசையில் ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க. எக்ஸ்ரே இயந்திரத்துல மிச்சம்னு ஒண்ணு கிடையாது.

என் தொழில்ல இருக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் எதுவும் சொல்லப் போறதில்லை. அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிச்சவன் நானும்தான். அன்னைக்கு அப்புறம் பிடிக்கிறதில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.